உக்ரைன் கிராமம் ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உக்ரைன் வரைபடத்தில் 'இவானிவ்கா' என்று தேடிப் பாருங்கள். ஒன்றல்ல, பத்தல்ல, பக்கம் பக்கமாக வரும். நான் முதன்முதலாக ஓர் உக்ரைன் கிராமத்தைப் பற்றித் தமிழில் குறிப்பு எழுதியபோது இந்த இடத்தில்தான் சறுக்கினேன். தெற்கே கெர்சன் புல்வெளியில் இருக்கும் ஓர் இவானிவ்காவின் மக்கள்தொகையை எடுத்து, மேற்கே தெர்னோபில் பக்கம் இருக்கும் வேறோர் இவானிவ்காவுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர். எண் சரி, ஊர் தவறு. கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு வாசகர். திருத்துவதற்குள் அந்தத் தவறு இன்னும் இரண்டு இடங்களில் நகலாகியிருந்தது.

இந்த வழிகாட்டி அந்தச் சறுக்கலிலிருந்து பிறந்தது. செய்தியில் ஒரு கிராமத்தின் பெயரைப் பார்த்து மேலும் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள், வகுப்பில் புவியியல் சொல்லித்தருபவர்கள், சின்ன ஊர்களைப் பற்றித் தமிழில் நாலு பத்தி எழுத விரும்புபவர்கள் எல்லாருக்கும் இது உதவும். உக்ரைனிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

முன்மாதிரியாக ஒரே ஊரைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். கார்பாத்திய மலைக்குள், சோர்னி செரெமோஷ் என்ற ஆற்றின் கரையில் இருக்கும் கிரிவோரிவ்னியா. ஆயிரத்துச் சில நூறு பேர் வாழும் ஊர். தேவைப்படும் இடத்தில் மற்ற ஊர்களையும் தொட்டுக்கொள்வோம்.

முதல் படி: பெயரை உக்ரைனியத்திலிருந்து எடுங்கள்

ஒரே ஊருக்கு மூன்று, நான்கு எழுத்துக்கூட்டல் கிடைக்கும். லிவிவ் நகரத்தையே பாருங்கள். ரஷ்யத்தில் ல்வோவ், போலிஷில் ல்வூவ், ஜெர்மனில் லெம்பெர்க். பழைய ஆங்கில வரைபடங்கள் பெரும்பாலும் ரஷ்ய உச்சரிப்பைத்தான் பின்பற்றின. அப்படி வந்தவைதான் கார்கோவ், செர்னோபில் எல்லாம். உக்ரைனியத்தில் அவை கார்கிவ், சோர்னோபில். இன்றைய அரசுப் பதிவேடுகள், அஞ்சல் பட்டியல்கள், தேர்தல் பட்டியல்கள் அத்தனையும் உக்ரைனியப் பெயரில்தான் இருக்கின்றன. அதனால் உக்ரைனிய வடிவத்தைப் பிடித்துக்கொண்டால்தான் அடுத்த படிகள் எதுவும் நகரும். அந்த மக்கள் தங்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்களோ அப்படிச் சொல்வது, அதுவும் இந்தக் காலத்தில், நாம் காட்டக்கூடிய மிகச் சின்ன மரியாதையும்கூட.

ஒரு எழுத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆங்கில 'எல்' எழுத்தை மேல்கீழாகத் திருப்பியதுபோல் ஓர் எழுத்து இருக்கும். ரஷ்யத்தில் அதன் ஓசை 'கடல்' அல்ல, 'அங்கம்' என்பதில் வரும் 'க'. உக்ரைனியத்தில் அதே எழுத்து 'ஹ'. நாட்டின் மிக உயரமான மலை 'கோவெர்லா' அல்ல, 'ஹொவெர்லா' என்பது இதனால்தான். வரலாற்றாசிரியர் 'குருஷெவ்ஸ்கி' அல்ல, 'ஹ்ருஷெவ்ஸ்கி'. அந்த மெல்லிய 'க' ஓசைக்கு உக்ரைனியத்தில் தனி எழுத்தே உண்டு. மேல்கோட்டின் நுனியில் சின்னதாக ஒரு கொம்பு முளைத்திருக்கும். 1933 இல் சோவியத் அரசு அந்த எழுத்தை அரிச்சுவடியிலிருந்து நீக்கியது. 1990 இல்தான் திரும்பி வந்தது. ஆகவே அந்த இடைக்காலத்துச் சோவியத் நூல்களில் அந்தக் கொம்பு எழுத்தைத் தேடாதீர்கள், இருக்காது.

தமிழில் எழுதும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிய 'எல்' வந்தால் 'ஹ', மற்ற இரண்டு 'க' ஓசைகளுக்கும் 'க'. எந்த விதி வைத்தாலும் கட்டுரை முழுக்க ஒன்றாக இருக்கட்டும். முதல் பத்தியில் ஹொவெர்லா, நாலாம் பத்தியில் கோவெர்லா என்று இருந்தால் வாசிப்பவர் இரண்டு மலை என்று நினைப்பார்.

அப்புறம் வேற்றுமை உருபு. நம் மொழியில் 'ஊர்' என்பது 'ஊரில்', 'ஊருக்கு' என்று மாறுவது போல உக்ரைனியத்திலும் பெயரின் வால் மாறும். 'கிரிவோரிவ்னியாவில்' என்று சொல்ல அவர்கள் 'கிரிவோரிவ்னி' என்பார்கள். வாக்கியத்திலிருந்து வெட்டி எடுத்தால் உருபோடு சேர்ந்துதான் வரும். எப்போதும் பட்டியலிலோ வரைபடத்திலோ இருக்கும் எழுவாய் வடிவத்தையே எடுங்கள். மாவட்டப் பெயரும் இப்படித்தான்: 'வெர்கொவின்ஸ்கி ராயோன்' என்று பார்த்தால், வெர்கொவின்ஸ்கி என்று ஓர் ஊர் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஊர் வெர்கொவினா. 'ஸ்கி' என்பது உரிச்சொல்லின் வால்.

பெயர் பலமுறை மாறியும் இருக்கும். வெர்கொவினாவுக்கு 1962 வரை ஷாபியே என்று பெயர். தவளையைக் குறிக்கும் 'ஷாபா' என்ற சொல்லோடு சேர்ந்த பெயர் அது. கவிஞர் இவான் பிராங்கோ 1856 இல் பிறந்த நாஹுயெவிச்சி கிராமத்துக்குச் சோவியத் காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு பழைய பெயர் திரும்பியது. இவற்றையெல்லாம் விடப் பெரிய அலை 2015 இல் வந்த சட்டங்களால் ஏற்பட்டது. கம்யூனிச ஆட்சியை நினைவூட்டும் பெயர்களை நீக்கச் சொன்ன அந்தச் சட்டங்களின்படி, அடுத்த ஆண்டே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் பெயர் மாறின. 2024 இலும் ஒரு பெரிய தொகுதி மாறியது. எனவே பழைய பெயரைத் தூக்கிப் போடாதீர்கள். 'முன்பு இன்ன பெயர்' என்று குறித்து வையுங்கள். 1980களின் ஆவணம் ஒன்று கையில் கிடைத்தால் அந்தப் பழைய பெயர்தான் திறவுகோல்.

இரண்டாவது படி: என்ன வகை ஊர்

இது சுருக்கமானது. 'மிஸ்தோ' என்றால் நகரம். 'செலிஷ்சே' என்றால் நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே இருக்கும் சிற்றூர். 'செலோ' என்றால் கிராமம். கிராமங்கள் மட்டும் சுமார் 28 ஆயிரம். சோவியத் காலத்திலிருந்து வந்த 'நகர வகைக் குடியிருப்பு' என்ற பிரிவு 2024 ஜனவரியில் ஒழிந்தது. அந்த ஊர்கள் எல்லாம் இப்போது செலிஷ்சே. வெர்கொவினாவும் அப்படித்தான். பழைய கட்டுரைகளில் நகர வகைக் குடியிருப்பு என்று கண்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

'ஹூதிர்' என்றால் தனித்து நிற்கும் நாலைந்து வீடுகள். 'பிரிசிலோக்' என்றால் ஒரு கிராமத்தோடு சேர்ந்த சிறு குடியிருப்பு. மலைப்பகுதியில் இந்த இரண்டாவது சொல் அடிக்கடி காதில் விழும்.

மூன்றாவது படி: முகவரி ஏணியில் ஏற்றுங்கள்

கிராமம், ஹ்ரொமாதா (பல கிராமங்கள் சேர்ந்த சமூகம்), ராயோன் (மாவட்டம்), ஒப்லாஸ்து (மாகாணம்). இந்த நான்கு படிதான் ஏணி. கிரிவோரிவ்னியா கிராமம், வெர்கொவினா ஹ்ரொமாதா, வெர்கொவினா ராயோன், இவானோ-பிராங்கிவ்ஸ்க் ஒப்லாஸ்து. ஒப்லாஸ்து 24, அவற்றோடு கிரிமியத் தன்னாட்சிக் குடியரசும், தனி நிலை பெற்ற கீவ், செவஸ்தோபோல் என்ற இரு நகரங்களும்.

புதியவர்கள் தடுமாறுவது நடுவிலிருக்கும் இரண்டு படிகளில்தான். 2020 ஜூலையில் நாடாளுமன்றம் 490 ராயோன்களை 136 ஆகச் சுருக்கியது. அதற்கு முந்தைய எந்தக் கட்டுரையிலும் ராயோன் பெயர் இன்று செல்லாததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெர்கொவினா ராயோன் தப்பித்த சிலவற்றில் ஒன்று. இவானோ-பிராங்கிவ்ஸ்க் ஒப்லாஸ்தில் இப்போது இருப்பது ஆறே ராயோன்கள். அவற்றில் சுமார் 30 ஆயிரம் பேர் மட்டும் வாழும் இந்த மலை ராயோனும் ஒன்று. மலைப்பாதையும் தூரமும் அப்படி. கீழே இறக்கி இன்னொன்றோடு சேர்த்தால் மக்கள் அலுவலகம் போய்வரவே ஒரு நாள் ஆகிவிடும்.

ஹ்ரொமாதா என்றால் சமூகம் என்று பொருள். முன்பு ஒவ்வொரு கிராமத்துக்கும், அல்லது இரண்டு மூன்று கிராமத்துக்குச் சேர்த்து, ஒரு கிராம சபை இருந்தது. இப்போது பல கிராமங்களைச் சேர்த்து ஒரே ஹ்ரொமாதா. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், சொந்த வரவுசெலவு, பள்ளி, சாலை எல்லாம் அதன் பொறுப்பு. நாடு முழுவதும் சுமார் 1,470 ஹ்ரொமாதாக்கள். கிராமத்தில் நேரடியாக இருப்பவர் 'ஸ்தாரொஸ்தா'. சான்றிதழ் வேண்டுமா, தெருவிளக்கு எரியவில்லையா, மக்கள் முதலில் போவது அவரிடம்தான்.

ஒப்லாஸ்து பெயரில் ஒரு பொறி இருக்கிறது. தினிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரம் 2016 இல் தினிப்ரோ என்று மாறியது. ஒப்லாஸ்து இன்னும் தினிப்ரோபெத்ரோவ்ஸ்க்தான். கிரோபிவ்னித்ஸ்கி நகரத்தைச் சுற்றியுள்ள ஒப்லாஸ்துக்குப் பெயர் கிரோவொஹ்ராத். ஒப்லாஸ்துகளின் பெயர்கள் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால், அதைத் திருத்தாமல் மாற்ற முடியாது. நகரம் மாறியதே என்று நீங்களாக ஒப்லாஸ்தின் பெயரை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

இவானிவ்கா குழப்பம் இனி வரவே கூடாது என்றால் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 2020 முதல் ஒவ்வோர் ஊருக்கும் 'யுஏ' என்று தொடங்கி 17 இலக்கம் கொண்ட ஒரு குறியீடு உண்டு. முதல் இரண்டு இலக்கம் ஒப்லாஸ்து, அடுத்த இரண்டு ராயோன், அடுத்த மூன்று ஹ்ரொமாதா, அதற்கடுத்த மூன்று ஊர். இவானோ-பிராங்கிவ்ஸ்க் ஒப்லாஸ்தின் எண் 26. ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களுக்கு ஒரே குறியீடு இருக்க முடியாது. என் குறிப்பேட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் முதலில் எழுதுவது இப்போது இதைத்தான்.

நான்காவது படி: ஆற்றைப் பிடியுங்கள்

பலர் மக்கள்தொகையில் தொடங்குவார்கள். நான் ஆற்றில் தொடங்கச் சொல்வேன். எண் மாறும், எல்லை மாறும், பெயர் மாறும். ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஆறுதான் சொல்லும்.

வரைபடத்தில் கிரிவோரிவ்னியாவைத் திறந்து, பக்கத்தில் ஓடும் நீலக்கோட்டை விரலால் தொடர்ந்து போங்கள். சோர்னி செரெமோஷ், அதாவது கருப்புச் செரெமோஷ், தெற்கே மலையிலிருந்து இறங்கி, வெர்கொவினாவைத் தாண்டி, கிரிவோரிவ்னியா வழியாகப் போகிறது. இன்னும் கீழே உஸ்தேரிக்கி என்ற ஊரருகே பீலி செரெமோஷ், அதாவது வெள்ளைச் செரெமோஷ், வந்து கலக்கிறது. அதன்பின் வெறும் செரெமோஷ். அது புரூட் ஆற்றில் சேர்கிறது. புரூட் டான்யூபில். டான்யூப் கருங்கடலில். இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் ஊரின் மழைநீர் எங்கே போகிறது என்பது மட்டுமல்ல, பல விஷயம் பிடிபடும்.

கீழே செரெமோஷ் நெடுங்காலம் ஹலிச்சினா, புகோவினா என்ற இரண்டு வரலாற்று நிலப்பகுதிகளுக்கு நடுவே எல்லையாக இருந்தது. 1918 க்குப் பின் ஒரு கரை போலந்து, மறு கரை ருமேனியா. ஆக ஆற்றின் எந்தக் கரை என்பது வெறும் திசை விவரம் அல்ல. 'இடது கரை' என்று ஒரே சொல்லில் இருபது வருட வரலாறு வந்துவிடும். (கரையைச் சொல்லும்போது ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்று இடம், வலம் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இடப்பக்கம் இருப்பதெல்லாம் இடது கரை அல்ல.)

இந்த ஆற்றில்தான் மரம் மிதந்தது. மலையில் வெட்டிய ஸ்மெரெக்கா (ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம்) மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்துக்கு 'தராபா' என்று பெயர். மேலே ஓடைகளில் மரத்தால் அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். அந்த அணை 'கிலியாவுசா'. கதவைத் திறந்துவிட்டதும் பாயும் வெள்ளத்தின் முதுகில் தராபாக்கள் பள்ளத்தாக்கில் இறங்கும். வளைவுகளில் பாறையில் மோதாமல் அதை ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். சாலை சரியாக இல்லாத காலத்தில் இந்த ஊர்களின் வருமானம் தண்ணீர் மேல்தான் வெளியே போனது. லாரிகள் வந்த பிறகு அந்தத் தொழில் நின்றுவிட்டது.

வெள்ளத்தையும் குறித்து வையுங்கள். 2008 ஜூலையிலும் 2020 ஜூனிலும் கார்பாத்திய அடிவாரம் முழுக்கப் பெருவெள்ளம் வந்தது, பாலங்களும் சாலைகளும் அடித்துப் போயின. ஒரு மலைக் கிராமத்தின் சாலை எந்த ஆண்டில் எப்படிப் போயிற்று என்று கேட்டால், பதிலில் பெரும்பாலும் ஒரு வெள்ளம் இருக்கும்.

சமவெளி ஊர் என்றால் ஆற்றுக்குப் பதில் 'பால்கா' தேடுங்கள். புல்வெளியை வெட்டிக்கொண்டு போகும் அகலமான ஓடைப்பள்ளம் அது. கோடையில் வறண்டிருக்கும். அதைத் தடுத்துக் கட்டிய குளம் 'ஸ்தாவோக்'. தெற்கு உக்ரைன் கிராமங்கள் பல இந்தப் பள்ளத்தை ஒட்டி நீளமாகப் படுத்திருப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நீர்ப்பரப்பும் நிலையானது அல்ல. 1950களில் ககோவ்கா அணை கட்டியபோது தினிப்ரோ ஆற்றின் கரையில் பல கிராமங்கள் மூழ்கின. 2023 ஜூன் 6 அன்று அந்த அணை தகர்ந்தது. ஏரியாக இருந்த இடம் சில நாட்களில் வடிந்து சேறாகி, பிறகு வில்லோ மரக்கன்றுகள் முளைத்த காடாகத் தொடங்கியது. 'ககோவ்கா நீர்த்தேக்கத்தின் கரையில் அமைந்த கிராமம்' என்று இன்னும் நூற்றுக்கணக்கான குறிப்புகள் சொல்கின்றன. அந்த வரியை எழுதும் முன் தேதியைப் பாருங்கள்.

ஐந்தாவது படி: மேடு, பள்ளம், வீடு

கிரிவோரிவ்னியா என்ற பெயருக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'கிரிவி' என்றால் கோணல். 'ரிவ்னி' என்றால் சமம். கோணலான சமநிலம். ஊர் வரைபடத்தில் உயரக்கோடுகளைத் திறந்து பார்த்தால் பெயர் வைத்தவர் நிலத்தை நன்றாகப் பார்த்தவர் என்று தெரியும். ஆற்றோரம் சற்றே தட்டையான நிலம், உடனே சரிவு, சரிவின் நடுவே மறுபடி ஒரு சின்னத் திட்டு, அதற்கு மேல் காடு.

மலைப்பகுதிக்கென்று தனிச் சொற்கள் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டால் வரைபடத்தில் இருக்கும் சின்னச் சின்னப் பெயர்கள் எல்லாம் பேசத் தொடங்கும். 'ஹ்ரூன்' என்பது மலைமுகடு. 'கிச்செரா' என்பது காடு மூடிய குன்று. 'பிளாய்' என்பது முகட்டோரமாக ஆடுமாடு நடந்து நடந்து உண்டான பாதை. 'ஸ்விர்' என்பது செங்குத்தான பள்ளம். 'பொலொனினா' என்பது காட்டுக்கோட்டுக்கும் மேலே, மரம் வளராத உயரத்தில் இருக்கும் மேய்ச்சல் நிலம். கோடையின் தொடக்கத்தில் மந்தையை அங்கே ஏற்றுவார்கள், இலையுதிர் காலத்தில் இறக்குவார்கள். இடைப்பட்ட மாதங்களில் மேய்ப்பர்கள் அங்கேயே தங்கி, ஆட்டுப்பாலில் 'புத்ஸ்', 'பிரின்சா' என்ற பாலாடைக்கட்டிகள் செய்வார்கள். ஹுட்சுல் பிரின்சாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இங்கே வாழ்பவர்கள் ஹுட்சுல்கள். கார்பாத்திய மலையின் இந்தப் பகுதிக்கே உரிய உக்ரைனிய மலைமக்கள். அவர்கள் ஊரில் தெருவைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சமவெளிக் கிராமத்தில் வீடுகள் சாலையின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும். இங்கே ஒவ்வொரு வீடும் தன் வைக்கோல் நிலத்தின் (மாட்டுக்குக் காயவைத்துச் சேமிக்கும் புல் வளரும் நிலம்) நடுவே, சரிவில் தனித்தனியாக நிற்கிறது. அடுத்த வீட்டுக்குப் போக ஒரு பள்ளத்தைக் கடக்க வேண்டியிருக்கும். காரணம் எளிது. மண் ஆழமில்லாத மணற்கல், களிக்கல் அடுக்கு. தானியம் சரியாக விளையாது. மாட்டுக்குக் குளிர்காலம் முழுக்க வேண்டிய வைக்கோல்தான் வாழ்வாதாரம், அதனால் நிலத்தைவிட்டு வீடு தள்ளிப்போக முடியாது.

'கிராஷ்தா' என்ற வீட்டைத் தவறாமல் பாருங்கள். பருத்த ஸ்மெரெக்கா மரத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய வீடு, தொழுவம், கொட்டகை எல்லாம் நான்கு பக்கமும் சேர்ந்து, நடுவே சுற்றிலும் அடைபட்ட முற்றம். வெளியே இருந்து பார்த்தால் சுவர் மட்டும் தெரியும். பனிக்காற்றுக்கும் ஓநாய்க்கும் கொள்ளையருக்கும் எதிராக ஒரு குடும்பம் கட்டிக்கொண்ட மரக்கோட்டை என்று சொல்லலாம். கிரிவோரிவ்னியாவில் ஒன்று அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. ஓர் ஊரின் நிலம், காலநிலை, பயம், வசதி எல்லாம் ஒரே கட்டடத்தில் தெரிகிற இடம் இது.

ஆறாவது படி: தலைக்கணக்கை ஆண்டோடு எழுதுங்கள்

சுதந்திர உக்ரைன் இதுவரை நடத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றே ஒன்று. நாள் 2001 டிசம்பர் 5. அன்று நாட்டின் மக்கள்தொகை 4 கோடியே 84 லட்சம். நீங்கள் எந்தச் சிறு கிராமத்துக்கு எண்ணைப் பார்த்தாலும் அது பெரும்பாலும் அந்த நாளின் எண்தான். அதற்கு முந்தையது 1989 இன் சோவியத் கணக்கு. நடுவில் இளைஞர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். 2022 க்குப் பின் பல லட்சம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த பலர் மேற்கு மலைக் கிராமங்களுக்கு வந்தும் சேர்ந்தார்கள்.

அதனால் 'இங்கு 600 பேர் வாழ்கின்றனர்' என்று எழுதாதீர்கள். '2001 கணக்கெடுப்பின்படி 600 பேர் வாழ்ந்தனர்' என்று எழுதுங்கள். வினைமுற்றின் காலம்தான் இங்கே உண்மையைக் காக்கிறது. சில கிராமங்கள் ஆளே இல்லாமல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். 1986 அணு உலை விபத்துக்குப் பின் சோர்னோபில் வட்டத்தில் காலி செய்யப்பட்ட ஊர்கள் பல அப்படிப் போயின. வரைபடத்தில் பெயர் மங்கலாக இருக்கும்.

ஏழாவது படி: எந்தெந்த அரசு, எத்தனை வயது

கிரிவோரிவ்னியாவில் 1910 இல் பிறந்த ஒரு குழந்தை, ஊரைவிட்டு நகராமல் முதுமைவரை வாழ்ந்திருந்தால், ஆஸ்திரியா-ஹங்கேரி, மேற்கு உக்ரைனிய மக்கள் குடியரசு, போலந்து, சோவியத் ஒன்றியம், நாஜி ஜெர்மனியின் ஆக்கிரமிப்பு, மறுபடி சோவியத், 1991 முதல் சுதந்திர உக்ரைன் என்று இத்தனையையும் பார்த்திருக்கும். ஒவ்வோர் அரசும் தன் மொழியில் வரைபடம் வரைந்தது. போலிஷ் வரைபடத்தில் இதே ஊர் 'கிஷிவோரூவ்னியா'. ஆஸ்திரிய ராணுவத்தின் 1:75,000 வரைபடத் தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஊரின் பழைய பாதை, ஆலை, கோவில் எல்லாம் அவற்றில் வியக்கும் அளவு நுணுக்கமாக இருக்கும். மத்திய உக்ரைன், கிழக்கு உக்ரைன் என்றால் இந்தப் பட்டியல் வேறு. அங்கே ரஷ்யப் பேரரசும், 1932–33 பஞ்சமான ஹோலோதொமோரும் முதலில் வரும். கிரிவோரிவ்னியா இருக்கும் ஹலிச்சினா அப்போது போலந்தில் இருந்ததால் அந்தப் பஞ்சம் இங்கே எட்டவில்லை. ஒரு பகுதியின் வரலாற்றை எடுத்து இன்னொரு பகுதிக் கிராமத்துக்குப் பொருத்திவிடாதீர்கள்.

வயதைப் பற்றி ஒன்று. 'முதன்முதல் குறிப்பிடப்பட்ட ஆண்டு' என்பது ஊர் பிறந்த ஆண்டு அல்ல. கீவுக்குத் தெற்கே தினிப்ரோ கரையில் இருக்கும் திரிபில்லியா கிராமம் 1093 இல் ஸ்துஹ்னா ஆற்றங்கரைப் போர் பற்றிய நாளேட்டில் முதலில் வருகிறது. ஆனால் 1890களின் கடைசியில் விக்கென்தி ஹ்வோய்கா அந்தப் பகுதியில் தோண்டியபோது கிடைத்த வண்ண மண்பாண்டங்கள் ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அந்தப் பண்பாட்டுக்கே திரிபில்லியா என்ற பெயர் வந்தது. பெயரின் பொருள் 'மூன்று வயல்'. 1093 என்று எழுதுங்கள், பக்கத்திலேயே 'எழுத்தில் முதல் குறிப்பு' என்றும் எழுதுங்கள்.

எட்டாவது படி: யார் வந்து போனார்கள், என்ன நடக்கிறது

கிரிவோரிவ்னியா கோடையில் எழுத்தாளர்கள் வந்து தங்கிய ஊர். இவான் பிராங்கோ பல கோடைகளை இங்கே கழித்தார். 1901 இல் லெஸ்யா உக்ராயின்கா வந்தார். ஹ்ருஷெவ்ஸ்கிக்கு இங்கே வீடே இருந்தது. 1910 முதல் 1912 வரை மூன்று கோடைகளில் வந்த மிகைலோ கொத்சியுபின்ஸ்கி, ஹுட்சுல் வாழ்க்கையை வைத்து ஒரு குறுநாவல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து அதைப் படமாக்க செர்கி பரஜானோவ் இதே ஊருக்கு வந்தார். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊருக்கு இது பெரிய வரவுதான். ஆனால் வந்தவர்கள் பெயரை மட்டும் அடுக்கி நிறுத்தினால் ஊர்க்காரர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

கோல்யாதாவைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் நாளில் ஆண்கள் கூட்டம் தேவாலயத்திலிருந்து புறப்பட்டு, வீடு வீடாகப் பாடிக்கொண்டே போகும். கையில் 'பார்த்கா' என்ற சிறு கோடரி, தோளில் ஊதுகொம்பு. மூன்று மீட்டர் நீளமுள்ள 'த்ரெம்பித்தா' மலைக்கு மலை கேட்கும். நல்ல த்ரெம்பித்தா இடி விழுந்த ஸ்மெரெக்கா மரத்தில்தான் செய்ய வேண்டும் என்பார்கள். தேதி குறிக்கும்போது கவனம்: 2023 செப்டம்பரில் உக்ரைனின் முக்கியத் திருச்சபைகள் நாள்காட்டியை மாற்றியதால் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 இலிருந்து டிசம்பர் 25 க்கு வந்துவிட்டது. பழைய படக்குறிப்புகளில் ஜனவரி என்றே இருக்கும்.

பக்கத்து ஊர்களையும் ஒரு வரியில் சேருங்கள். கோசிவின் வண்ண மண்பாண்டம் 2019 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யாவோரிவ் கிராமம் 'லீஷ்னிக்' என்ற கம்பளிப் போர்வைக்குப் பெயர்போனது. ரயில் வேண்டுமானால் வொரொக்தாவரைதான். அங்கிருந்து சாலை.

படம், இடக்குறிப்பு விஷயத்தில் ஒன்று. போர் நடக்கிறது. படையினர் இருக்கும் இடம், சோதனைச் சாவடி, தாக்கப்பட்ட கட்டடம் ஆகியவற்றை இடத்தோடு வெளியிடுவது அங்கே சட்டப்படி குற்றமாகலாம், அதைவிட மேலாக உயிருக்கு ஆபத்து. உங்களுக்கு யாராவது அனுப்பிய புதிய படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். பழைய படங்களே போதும்.

ஒன்பதாவது படி: ஊர் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்

எழுதி முடித்த பின் இதைத் தவறவிடாதீர்கள். அந்தப் பகுதியிலிருந்து வந்த ஒருவரையாவது கண்டுபிடித்து, இரண்டே கேள்வி கேளுங்கள். பெயரைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்தை என்னவென்று அழைப்பீர்கள் என்று கேளுங்கள்.

கிரிவோரிவ்னியா பற்றிய என் குறிப்பில் 'பொலொனினா', 'சாரின்கா' இரண்டுக்கும் 'புல்வெளி' என்றே போட்டிருந்தேன். அகராதிப்படி தவறில்லை. அந்த மலையில் வளர்ந்து இப்போது வேறு நாட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் மொழிபெயர்த்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. பொலொனினா மேலே, கோடையில் ஆடு போகும் இடம், நான் அங்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறேன் என்றார். சாரின்கா வேலி போட்டது, வீட்டை ஒட்டியது, ஜூலையில் அப்பா அரிவாள் வீச நான் பின்னாலேயே வைக்கோலைப் புரட்டிப் போடுவேன் என்றார். முதலாவதை 'மலைமேய்ச்சல்' என்றும் இரண்டாவதை 'வீட்டு வைக்கோல் நிலம்' என்றும் மாற்றி, திரும்ப அனுப்பினேன். இப்போது சரி என்று எழுதியிருந்தார்.